ஆளுக்கொரு பெட்டி

ஒரே ஒரு கிட்டார் பாகத்தை இரண்டு பேர் வரிவரியாகப் பங்குபோட்டு, பங்கு போதாது என்று சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டதை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா?

கண்டிருக்க மாட்டீர்கள். அந்தக் கூத்து கல்முனையில் எங்கள் வீட்டு வளவுக்குள் மட்டும்தான் நடந்தது. சண்டை போட்டது நானும் என் மச்சானும். மச்சான் என்றால் கடைத்தெருவில் எவனையும் கூப்பிடுகிற மச்சான் இல்லை. உம்மாவுடைய தம்பியின் மகன், சொந்த மச்சான். எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கியிருந்த காலம். என் தலைமுடி காதை மூடியிருந்தது, காற்சட்டை கணுக்காலில் விரிந்திருந்தது, கம்பஸில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். கம்பஸ் திறந்திருந்த நாட்களைவிட மூடிக்கிடந்த நாட்கள் கூட என்பதால், ஊரில் ஒரு பேண்ட் வைத்து நடத்தத் தாராளமாக நேரம் இருந்தது.

பேண்டில் நாலு பேர். நானும் மச்சானும் கிட்டார்; பாடுவதும் மச்சான்தான். ட்ரம்ஸ், பாண்டிருப்பு நண்பன் ஒருவன். பேஸ் வாசித்தவன் தையல்கடைக்காரர் ஒருவரின் மகன். அவன் வாயைத் திறப்பதே அபூர்வம். கல்யாண வீடுகளில் பைலாவும் படப்பாட்டும் வாசிப்போம். ஆனால் எங்கள் உயிர் கிடந்தது ஒரேயொரு இங்கிலீஷ் ரொக் பாட்டில். விடுதியில் ஒருவன் பதிந்து தந்த கசெட்டில் அது இருந்தது. அவனுடைய அறையில் முதல் தடவை கேட்டபோது ஐந்தாறு பேர் சேர்ந்து கத்திக்கொண்டிருந்ததால் பாட்டு சரியாகக் காதில் விழவில்லை. ஊருக்குக் கொண்டுவந்துதான் ஒழுங்காகக் கேட்டேன். பாட்டின் நடுவில் பாடுகிறவன் வாயை மூடிக்கொள்வான்; கிட்டார் தனியாகக் கிளம்பும். நீண்ட சோலோ. அதை வாசிப்பவன் லீட். மற்றவன் அதற்குத் துணையாகக் கம்பிகளைச் சேர்த்துக் கோர்ட் அடித்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். நான் லீட். மச்சானும் லீட். பிரச்சினை அவ்வளவுதான்.

அதைப் பங்குபோட்டுத் தந்தவன் ட்ரம்ஸ்காரன். அவனுடைய அப்பா நாவிதன்வெளிப் பக்கம் வட்டை விதானை. வாய்க்கால் தண்ணீர் இன்றைக்கு யாருடைய வயலுக்கு, நாளைக்கு யாருடைய வயலுக்கு என்று முறை வைத்து விடுகிற மனிதர். மகன் அதே முறையில் எங்கள் சோலோவை வெட்டினான். முதல் வரி மச்சானுக்கு, அடுத்தது எனக்கு, பிறகு அவனுக்கு. உச்சத்துக்குப் போகிற வரி ஒரு நாள் அவனுடையது, மறுநாள் என்னுடையது. நான் என் வரியை இழுத்து மச்சானின் வரிக்குள் நுழைந்தால் சிம்பலில் ஓங்கி ஓர் அடி விழும்.

"டேய், வரம்ப வெட்டாத. அது அடுத்தவன்ட தண்ணி."

அந்தச் சோலோவில் ஒரு விசித்திரம் இருந்தது. ஒரு வரி முடிந்ததும் கிட்டார் நின்றுவிடும். ட்ரம்ஸும் பேஸும் மட்டும் போய்க்கொண்டிருக்கும். ஒரு மூச்சு நேரம் கழித்துத்தான் அடுத்த வரி தொடங்கும். நான் இதற்குப் பெரிய விளக்கம் வைத்திருந்தேன். நிறுத்தத் தெரிந்தவன்தான் கலைஞன், அந்த மௌனத்தில்தான் ரொக்கின் ஆழம் இருக்கிறது என்று கம்பஸ் கன்டீனில் பாதி இங்கிலீஷில் விளாசியிருக்கிறேன். கேட்டவர்கள் பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையாட்டினார்கள்.

நாங்கள் வாசித்துப் பழகியது என் தங்கச்சியின் வீட்டில். அவளுக்கு அப்போது கல்யாணம் பேசக்கூடத் தொடங்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெண்பிள்ளை இருந்தால் வீடு கட்டியாக வேண்டும். வாப்பா எங்கள் வளவுக்குள்ளேயே முற்றத்துக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தார். வயல் விளைந்த போகத்தில் சுவர் உயரும், விளையாத போகத்தில் அப்படியே நிற்கும். கூரை ஏறியிருந்தது. கதவு, ஜன்னல், பூச்சு ஒன்றும் கிடையாது. பூசாத கல்லில் கிட்டார் சத்தம் மோதித் திரும்பி வரும்போது எங்களுக்கே எங்களைக் கேட்கப் பெருமையாக இருக்கும். பாங்கு சொன்னால் அம்ப்ளிஃபயரை, எங்கள் வாயில் அம்ப், நிறுத்துவோம். தொழுகை முடிந்தால் திரும்பவும் போடுவோம்.

நாங்கள் பாட்டுக் கேட்ட செட் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். சவூதியில் வேலை செய்த சாச்சா, வாப்பாவின் தம்பி, லீவில் வந்தபோது பெரிய கசெட் செட் ஒன்று கொண்டுவந்தார். நடுவில் மெஷின். இரண்டு பக்கமும் கழற்றி எடுக்கக்கூடிய ஸ்பீக்கர் பெட்டிகள். எனக்கு அது புது வீட்டில் வேண்டும். உம்மாவுக்கு அது குசினியில் வேண்டும். றேடியோவில் முஸ்லிம் நிகழ்ச்சி கேட்டுக்கொண்டே சமைக்க வேண்டும். நானும் விடவில்லை, உம்மாவும் விடவில்லை. கொஞ்ச நாள் கறியில் உப்பு இருக்கவில்லை. கடைசியில் வரிப்பத்தான்சேனை வயலில் இருந்து வந்த வாப்பா, காலில் சேறு காயாமல் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார்.

"ஆளுக்கொரு பெட்டி. மெசின் நடுவால இரிக்கட்டும். இனி ஒருத்தரும் கத்தப்படா."

மெஷின் பழைய வீட்டு நடு அறையில் நின்றது. ஒரு பெட்டி நீளமான வயரில் முற்றத்தைத் தாண்டிப் புது வீட்டுக்குப் போனது. மற்றப் பெட்டி குசினி அலுமாரிக்கு மேல் ஏறியது. வாப்பா இந்த நீதியைப் பற்றிப் பள்ளிவாசல் படியில் எல்லோருக்கும் சொன்னார்.

பொத்தான் நடு அறையில், நாங்கள் புது வீட்டில். சோலோவைத் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் விரலுக்கு வரும். அதற்குத்தான் தங்கச்சி. ஏ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். நான் நிலையில் நின்று திருப்பிப் போடு என்று கத்துவேன்; அவள் சுற்றித் திருப்பிப் போடுவாள். எத்தனை தடவை என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்தாலும் நான் பார்த்திருக்க மாட்டேன். சில வேளை உம்மா பொறுமை இழந்து பொத்தானை றேடியோவுக்குத் தட்டிவிடுவார்; சோலோ உச்சத்துக்கு ஏறுகிற இடத்தில் யாரோ ஒருவரின் மரண அறிவித்தல் வரும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கடற்கரைப் பக்கம் ஒரு விளையாட்டுக் கழகம் காணிவல் வைத்தது. எங்களுக்கும் மேடை தந்தார்கள். கல்யாண வீட்டுப் பந்தல் இல்லை, உண்மையான மேடை; ஊரே வரும். அதைக் கேள்விப்பட்ட பின்னேரம் மச்சான் வந்து சீமெந்து மூட்டையில் குந்தினான். பங்கு இனி வேண்டாம் என்றான். சோலோ முழுவதும் தனக்கு வேண்டுமாம்.

"எனக்கு விசா வரப்போகுது மச்சான். போனா எத்தின வருசமோ. ஒருக்காவாச்சும் முழுசா வாசிச்சிட்டுப் போறன்."

"நீ சவூதிக்குப் போறதுக்கு நான் ஏன்டா கோர்ட் அடிக்கணும்?" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. எழுந்து போய் அம்பின் மேல் கையை வைத்தான். அம்ப் அவனுடையது, றேடியோ திருத்துகிற ஒருவர் பலகைப் பெட்டிக்குள் அவனுக்குச் செய்து கொடுத்தது. அதை அவன் தூக்கிக்கொண்டு போனால் பேண்ட் அன்றோடு சரி. நான் விட்டுக்கொடுத்தால், நான் தொடங்கிய பேண்டில், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஓரத்தில் நின்று கோர்ட் அடிக்க வேண்டும். சட்டையைப் பிடித்தது அப்போதுதான். ட்ரம்ஸ்காரன் நடுவில் விழுந்து எங்களைப் பிரித்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இரண்டு பேரும் முழுச் சோலோவையும் தனித்தனியே வாசிக்க வேண்டும், அவன் கேட்டுவிட்டுச் சொல்வான், அவன் சொல்வதுதான் முடிவு என்று ஒப்புக்கொண்டோம். பேஸ்காரன் தலையாட்டினான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முன்னால் நின்று கதைக்காமல் நான் நேரே வீட்டுக்கு ஓடினேன். மற்றவர்கள் வருவதற்குள் ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிடலாம் என்று. முன்வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் அறைக்குள் இருந்து கிட்டார் கேட்டது. அம்பில் போடாத எலெக்ட்ரிக் கிட்டாரின் சத்தம். தகரத்தில் மழை தூறுகிற மாதிரி மெல்லியது. ஆனால் விரல் ஓடுகிற ஓட்டம் சாதாரணமானது இல்லை. அப்படி ஓடக்கூடிய விரல் ஊரில் இரண்டு பேருக்குத்தான் உண்டு. ஒருவன் வாசலில் நிற்கிறான். அப்படியென்றால் உள்ளே இருப்பது மச்சான்.

என் கிட்டாரைத் தொட்டுவிட்டானே என்று முதலில் கொதித்தது. அடுத்த கணம் வேறொன்று உறைத்தது. உள்ளே தங்கச்சி இருக்கிறாள். மச்சான் அவளுக்குக் கட்டுகிற முறை. அவள் பெரியபிள்ளையான நாளில் இருந்து அவன் எங்கள் முன்வாசலைத் தாண்டியதே கிடையாது. ஒரு செருப்பு காலிலும் மற்றது கையிலுமாகப் போய்க் கதவைத் தள்ளினேன்.

பாயில் தங்கச்சி மட்டும் இருந்தாள். மடியில் என் சிவப்புக் கிட்டார். கையில் உடைந்த சீப்புத் துண்டு ஒன்று; அதால்தான் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. பயந்த மாதிரித் தெரியவில்லை. கையில் இருந்த செருப்பை என்ன செய்வதென்று எனக்குத்தான் தெரியவில்லை.

எப்போது பழகினாய் என்று கேட்டேன். நான் கம்பஸ் போயிருந்த நாட்களில் என்றாள். கிட்டாரும் இருந்தது, கசெட்டும் இருந்தது, பொழுதும் இருந்தது என்றாள். எனக்குள் இருக்கிற கம்பஸ்காரன் எந்த நிலைமையிலும் பிழை பிடிக்காமல் விடமாட்டான். அவள் வாசித்தது எங்கள் பாட்டின் சுருதிதான், ஆனால் எங்கள் சோலோ இல்லை. அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, என்ற மிடுக்கில் பிழையாகப் பழகியிருக்கிறாய் என்றேன். கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

"பிழையில்ல காக்கா. அது ஒங்கட. இது மத்தது."

"எந்த மத்தது?"

"மத்தக் கிட்டார். ஒண்டு கேக்கும், மத்தது மறுமொழி செல்லும். நீங்க கேக்கிறத்த மட்டும் வாசிக்கீங்க. மறுமொழிய ஏன் உடுறீங்கெண்டு நானும் யோசிச்சன்தான்."

சிரித்தேன். சத்தம்போட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து நடு அறைக்குப் போய்க் கசெட்டைப் போட்டாள். குசினிக்குப் போய் நில்லுங்க என்றாள். கசெட் ஓடுகிற நேரத்தில் நான் குசினிக்குள் நின்றதே இல்லை. கசெட் ஓடினால் நான் புது வீட்டில். சோறு வேண்டுமென்றால் முன்னறைக்கு வரும். குசினிக்குள் எனக்கு என்ன வேலை? உம்மாவும் அதைத்தான் கேட்டார். மீன் பொரித்துக்கொண்டிருந்தார். நான் அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாட்டு வந்தது. அதே குரல், அதே ட்ரம்ஸ். குரல் ஓய்ந்தது. நான் நாளும் பொழுதும் கேட்டுப் பாடமாக்கிய முதல் வரிக்காகக் காத்து நின்றேன். வரவில்லை. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அந்த வரி முடிந்திருக்க வேண்டிய இடத்தில், நான் மௌனம் என்று பெயர் வைத்துக் கன்டீனில் விரிவுரை செய்த அதே இடத்தில், நான் வாழ்க்கையில் கேட்டிராத ஒரு கிட்டார் எழும்பியது. எழும்பி, வளைந்து, மேலே போய், எங்களுடையது தொடங்க வேண்டிய நொடியில் அடங்கியது. பிறகு வெறுமை. பிறகு திரும்பவும் அது. அலுமாரியைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பாட்டில் கிட்டார் இரண்டு. ஒன்றை ஒரு பெட்டியிலும் மற்றதை மற்றப் பெட்டியிலும் வைத்துப் பதிந்திருக்கிறார்கள். வாப்பா ஆளுக்கொரு பெட்டி என்று பிரித்தபோது, ஆளுக்கொரு கிட்டாரையும் பிரித்துவிட்டார். ஆண்களுக்கு ஒன்று, குசினிக்கு ஒன்று. தங்கச்சிக்கு மட்டும்தான் இரண்டும் கேட்டிருக்கிறது: அதைக் குசினிப் பெட்டியிலும், எங்களுடையதை முற்றத்தைத் தாண்டி வந்த எங்கள் வாசிப்பிலும். அவள் கணக்கில், நாங்கள் தெரிந்தே பாதிப் பாட்டை விட்டுக்கொண்டிருந்த மடையர்கள்.

மற்ற மூவரும் அப்போது வந்துவிட்டார்கள். எனக்கு விளக்கிச் சொல்ல வரவில்லை. வாங்கடா, வந்து கேளுங்கடா என்று மட்டும் சொன்னேன். உம்மா பெட்டியை இறக்க விடவில்லை. ஆகவே ஆட்களைத்தான் குசினிக்குள் ஏற்ற வேண்டியிருந்தது. தங்கச்சி என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். நான் நடு அறையில் பொத்தானை அழுத்திவிட்டு ஓடிவந்தேன். மூன்று தடியன்களும் எண்ணெய்ப் புகைக்குள் தலையை அண்ணாந்துகொண்டு நின்றார்கள். ட்ரம்ஸ்காரனின் விரல் தொடையில் தாளம் போட்டது. சோலோ வந்ததும் நின்றது. மச்சான் பின்னால் பார்க்காமல் எதிலோ குந்தப்போனான்.

"டேய் டேய், திருவலைல குந்தாத. பல்லுக் குத்தும்," என்றார் உம்மா.

தேங்காய் துருவுகிற அந்தப் பலகையில் இருந்து அவனை இழுத்து எடுத்தோம். பாட்டு முடிந்தது. வாயைத் திறந்தவன் பேஸ்காரன்.

"அப்ப இவ்வளவு காலமும் பாதிப் பாட்டுக்கா நீங்க ரெண்டு பேரும் அடிபட்ட?"

ட்ரம்ஸ்காரன்தான் முதலில் தெளிந்தான். அவனுடைய முகத்தில் வட்டை விதானை வந்து உட்கார்ந்தார். வாய்க்கால் இரண்டு என்றால் முறை எதற்கு என்றான். பழகிய சோலோ முழுவதும் மச்சானுக்கு, புதிய சோலோ முழுவதும் எனக்கு. இரண்டு லீட். மச்சான் என் தோளில் கையைப் போட்டான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தங்கச்சியிடம் இருந்து நான் படித்துக்கொள்ளலாம். மச்சான் அவள் முன்னால் போய் இருக்க முடியாது, நான் இருக்கலாம். காணிவலுக்கு இன்னும் நாள் இருந்தது. நான் போய் அறைக் கதவைத் தட்டி, விரலைக் காட்டித் தா என்றேன்.

"மாட்டன்."

குசினியில் எல்லோருக்கும் கேட்டது. ஏன் என்றேன்.

"ஒண்ட வெச்சு ரெண்டு பேரும் இவ்வளவு நாளும் சண்ட புடிச்சீங்க. இத நான் தனியக் கேட்டு, தனியப் பழகின. இதயும் நீங்களே எடுக்கப் போறீங்களா?"

கம்பஸில் பெண் விடுதலை பற்றி எனக்கு ஒரு பேச்சு இருந்தது. நன்றாகப் பேசுவேன். அந்தக் கதவுக்கு முன்னால் அதில் ஒரு சொல்லும் ஞாபகம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அது என்னுடைய கிட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் மச்சானின் குரல் கேட்டது. அவன் கதவைப் பார்க்கவில்லை; அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அவள் வாசிக்கட்டும்."

நான் திரும்பினேன். எனக்கு ஒரு வரி விட்டுத்தர மாட்டேன் என்று அம்பைத் தூக்கப் பார்த்தவன் இவன். உம்மாவின் கையில் அகப்பை நின்றது. உம்மா ஏசப்போகிறார், எல்லோரையும் விரட்டப்போகிறார் என்று நினைத்தேன். உம்மா மீனைத் திருப்பிப் போட்டார்.

"அது அவள்ட ஊடு. அவள்ட ஊட்டு அறைக்குள்ள இரிந்து என்னத்தையும் வாசிக்கட்டும். வாப்பா வயலுக்குப் போகட்டும். முத்தத்துக்கு மட்டும் வரப்படா."

அப்படித்தான் நடந்தது. வாப்பா சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போன பிறகு தங்கச்சி பின்பக்கத்தால் புது வீட்டு உள்ளறைக்குள் போனாள். கதவில்லாத நிலைக்கு உம்மா ஒரு பெரிய பாயைத் தொங்கவிட்டார். அம்பில் வயர் குத்த இரண்டு ஓட்டை இருந்தது. ஒன்றில் மச்சானின் கிட்டார். மற்றதில் பாய்க்குக் கீழால் உள்ளே போகிற வயர்; அதன் முனையில் என் கிட்டார். மச்சான் பாய்க்கு முதுகு காட்டி, பூசாத சுவரைப் பார்த்து நின்றான். எனக்கு வாசிக்க ஒன்றுமில்லை. வளவு வாசலில், கடப்படியில் போய் நில், ஆள் வந்தால் சொல்லு என்று உம்மா என்னை அனுப்பினார். லீட் கிட்டார்க்காரன் கடப்படிக் காவலுக்குப் போனேன்.

ட்ரம்ஸ் விழுந்தது. குரல் இல்லாமல் நேரே சோலோவுக்குப் போனார்கள். மச்சான் முதல் வரியை வாசித்தான். நின்றான். பாய்க்குப் பின்னால் இருந்து மறுமொழி வந்தது.

நான் என்ன எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. ஒரு பெண்பிள்ளை தட்டித் தடவி வாசிப்பாள், நாங்கள் சிரிக்காமல் பொறுத்துக்கொள்வோம் என்றா? அவள் அம்பில் போட்டு வாசித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. முதல் சுரத்தில் அந்தப் பெரிய சத்தத்துக்கு அவளே திடுக்கிட்டிருக்க வேண்டும், கொஞ்சம் தடுமாறியது. அடுத்ததில் அது சரியானது. அதற்குப் பிறகு அவன் கேட்டான், அவள் சொன்னாள். அவன் கீழே இறங்கினான், அவள் அங்கேயே போய்ப் பிடித்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், தலையாட்டி இடம் காட்ட ஆளில்லாமல், ஒரு இடத்திலும் மோதவில்லை. நானும் அவனும் முகத்துக்கு முகம் நின்று இத்தனை காலம் வாசித்தும் ஒவ்வொரு வரியிலும் இடித்துக்கொண்டவர்கள். கடைசியில் இரண்டும் ஒன்றாக ஏறும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே என் கை, வெறுங்கை, கடப்படிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. கதவும் ஜன்னலும் இல்லாத பக்கமெல்லாம் சத்தம் கொட்டியது.

வேலிக்கு அப்பால் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். பக்கத்து வளவு மாமா, எங்கள் வாசிப்பைக் கேட்டாலே ஜன்னலைச் சாத்துகிறவர், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்படி வரைக்கும் வந்துவிட்டார். நிலைக்குள்ளால் ட்ரம்ஸும் மச்சானின் முதுகும் தெரிந்தன. அவர் என்னைப் பார்த்தார். உள்ளே பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

"நீ இஞ்ச நிக்காய். அப்ப உள்ளுக்க மத்தது ஆரு?"

ஒரு சொல் தவறினால் பின்னேரத்துக்குள் அது ஊர் முழுக்கப் போகும். குமர்ப்பிள்ளை, முறை மச்சானோடு, ஆம்பிளைகள் நடுவில், கிட்டார். அவளுக்கு வாப்பா கட்டுகிற வீட்டில் பிறகு யார் வந்து மாப்பிள்ளையாக இருப்பது?

"கசெட் ஓடுது மாமா," என்றேன். "சாச்சாட செட்."

அவர் முகம் தெளிந்தது.

"அதானே பாத்தன். நீங்களாவது இப்பிடி வாசிக்கிறதாவது."

சிரித்துக்கொண்டே போனார். வேலியில் நின்றவர்களுக்கும் சொல்லிக்கொண்டு போனார். எனக்குள் இருந்தது தப்பிவிட்டோம் என்ற நிம்மதியா, அவர் சொன்ன சொல்லின் சூடா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

காணிவலில் பின்னேரம் மேடை ஏறினோம். தங்கச்சி கிட்டாரைத் தந்தாள். கோர்ட் அடிக்க மட்டும் என்று சொல்லித் தந்தாள். மச்சான் சோலோவை முழுதாக வாசித்தான், அவன் ஆசைப்பட்ட மாதிரியே. நான் ஓரத்தில் நின்று கோர்ட் அடித்தேன், நான் பயந்த மாதிரியே. வரிகளுக்கு நடுவில் அவள் வாசிக்க வேண்டிய இடங்கள் வந்தன. பழக்கதோஷத்தில் என் விரல் ஒரு தடவை அங்கே எதையோ வாசிக்கப் போனது. மச்சான் மைக்கில் இருந்து முகத்தைத் திருப்பினான்.

"அங்க கை வெக்காத. அது அவள்ட."

அந்த இடங்கள் வெறுமையாகவே போயின. சனம் அம்ப் பழுதாகிவிட்டதாக நினைத்தது. முன்வரிசையில் இருந்த பக்கத்து வளவு மாமா, ஜும்ஆ அன்றைக்குப் போட்ட கசெட்டையே போட்டிருக்கலாமே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது.

கொஞ்ச நாளில் மச்சானுக்கு விசா வந்தது. அம்பைத் தையல்கடைக்காரரின் மகனிடம் கொடுத்துவிட்டுப் போனான். அடுத்த பெரும்போகம் நன்றாக விளைந்தது. வீட்டுக்குப் பூச்சும் ஏறியது, கதவும் ஏறியது. சம்மாந்துறையில் மாப்பிள்ளை பொருந்தியது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வீடும் சீதனச் சாமானும் பார்க்க வந்த அன்று, முன்னறையில் கதிரை போடுவதற்காக நான் உள்ளே போனேன். கட்டில், அலுமாரி, கண்ணாடி மேசை, தையல் மெஷின் எல்லாம் வரிசையாக இருந்தன. தையல் மெஷினுக்கும் அலுமாரிக்கும் நடுவில், துடைத்து, புதுக் கம்பி போட்டு, என் சிவப்புக் கிட்டார் நின்றது.

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா வந்தவர்களுக்கு ஷர்பத் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அவள் கேட்டாள். நான் ஓமெண்டன்," என்றார், மெதுவாக, என் பக்கம் திரும்பாமல்.

மாப்பிள்ளையின் உம்மா சாமான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்து கிட்டாரில் நின்றார். கம்பியில் விரலை வைத்தார். அது சத்தம் போட்டது. கையை எடுத்துவிட்டு, இது ஆம்பிளைப் பிள்ளையுடையதா என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"இல்ல மாமி," என்றாள் தங்கச்சி. "என்ட."

என்னிடம் இப்போது கிட்டார் இல்லை.